வாய் பார்த்த நோட்டு

கைப்பைக்குள் இருந்த மூக்குக்கண்ணாடிப் பெட்டி இன்னும் ஈரமாகவே இருப்பதுபோல ரேணுகாவுக்குத் தோன்றிக்கொண்டிருந்தது. காலையில் அதை டிஷ்யூ காகிதத்தில் சுற்றி, அதன்மேல் பிளாஸ்டிக் கவரைச் சுற்றி, அதற்கும் மேல் துவைத்து மடித்த துப்பட்டா ஒன்றைச் சுற்றித்தான் உள்ளே வைத்திருந்தாள். அப்படியும் பை மடியில் படிந்திருந்த இடத்தில், தொடைமேல், ஒரு வட்டம் மட்டும் சில்லென்று இருந்தது. தொட்டுப் பார்த்தாள். காய்ந்துதான் இருந்தது. தொட்ட விரலை மூக்கருகே கொண்டுபோனாள், கொண்டுபோயிருக்கக் கூடாது, மருந்துச் சோப்புப் போட்டு மூன்று முறை கழுவிய விரலில் அந்தப் புளித்த வாசனை நகக்கண்ணோரம் ஒட்டிக்கொண்டிருந்தது, அல்லது விரலில் இல்லை, மூக்குக்குள்ளேயே குடியேறிவிட்டது. மணி ஒன்பதே முக்கால். பதினோரு மணிக்கு டாக்டர் ரவுண்ட்ஸ் வருவார். அதற்குள் இந்தப் பெட்டியை என்ன செய்வது என்று முடிவு செய்தாக வேண்டும். ஆறு மணிக்கு அவள் புருஷன் லோகநாதனுக்கு ரத்தம் எடுத்துக்கொண்டு போனார்கள். ஏழரைக்கு லோகநாதன் குளிக்கப் போனபோது தலையணை உறையை மாற்றலாம் என்று உருவினாள். உறைக்குள் இருந்து பெட்டி விழுந்தது. கண்ணாடி அவன் மூக்கில்தானே இருக்கிறது, குளிக்கும்போதுகூடக் கழற்றமாட்டானே, வெறும் பெட்டியை எதற்கு உறைக்குள் வைத்திருக்கிறான் என்று திறந்தாள். உள்ளே மஞ்சள் நிறத் துடைப்புத் துணி நாலாக மடிக்கப்பட்டிருந்தது, எவ்வளவு நேர்த்தியான மடிப்பு, அவன் கடையில் வாடிக்கையாளருக்கு மடித்துக் கொடுப்பானே அதே மடிப்பு. பிரித்தால் ஒன்பது மாத்திரைகள். ஊறி உப்பி, ஒன்றோடொன்று ஒட்டி, துணியின் இழையோடு பசையாகக் காய்ந்து கிடந்தன. ஒன்றில் பல் பதிந்திருந்தது. இன்னொன்றில் ஒரு மீசை முடி. தலையணைக்குப் பக்கத்தில் பிஸ்கட் துகளுக்கு வரிசை கட்டிப்போன எறும்புகள் அந்தப் பெட்டியை மட்டும் சுற்றிக்கொண்டு போயின.

ஒன்பது. வியாழன் இரவு ஒன்று, வெள்ளி இரண்டு, சனி இரண்டு, ஞாயிறு இரண்டு, நேற்று இரண்டு. ஒன்றுகூட அவன் வயிற்றுக்குள் போகவில்லை. நோட்டில் ஒன்பது கையெழுத்து இருக்கிறது. மனநல ஆஸ்பத்திரியின் இந்தக் குடும்ப வார்டில் ஆறு கட்டில். ஒவ்வொரு கட்டிலுக்குப் பக்கத்திலும் கூட இருப்பவருக்கு ஒரு பெஞ்சு. நர்ஸ் மாத்திரை கொடுத்ததும் நோயாளி வாயைத் திறந்து காட்ட வேண்டும், நாக்கைத் தூக்க வேண்டும், இரண்டு கன்னத்துக்குள்ளும் ஒரு விரல் போய்விட்டு வர வேண்டும். இதற்கு இங்கே ‘வாய் பாக்கறது’ என்று பெயர். வாய் பாத்தாச்சா, வாய் பாத்தாச்சா என்று காலையிலும் சாயங்காலமும் வார்டு முழுக்க ஒரே குரலாக இருக்கும். சேர்த்த முதல் நாட்களில் நர்ஸ்கள்தான் பார்த்தார்கள். வியாழக்கிழமை காலை லோகநாதன் பியூலா சிஸ்டரின் கையுறை விரலைக் கடித்துவிட்டான். ‘என் வாய் என்ன உங்க ஆஸ்பத்திரி அலமாரியா, ஆளாளுக்குத் தொறந்து மூடறதுக்கு? என் சம்சாரம் பாக்கட்டும். அவ பாத்தா நான் மாட்டேன்னு சொல்ல மாட்டேன்’ என்றான். பியூலா சிஸ்டர் விரலை உதறிக்கொண்டே சிரித்து, ‘அக்கா, சார் உங்களுக்கு மட்டும் லைசென்ஸ் குடுத்துட்டாரு’ என்றாள். நோட்டில் ஒரு பக்கத்தை ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுக் கொடுத்தாள். தேதி, மாத்திரை, வாய் பார்த்தது, கையெழுத்து. ரேணுகா அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். அன்று சாயங்காலம் அவன் ‘ஆ’ என்று திறந்தான். உதட்டோரம் வெள்ளையாகக் காய்ந்த நுரை, கீழ்ப்பற்களில் பத்துப் பதினைந்து நாள் மஞ்சள், பல்லிடுக்கில் மதியத்துக் கீரை, நாக்கின் மேல் பாலாடை மாதிரி ஒரு படலம், அதற்கும் பின்னால் இருட்டில் தொங்கித் துடிக்கிற அந்தச் சதைத்துணுக்கு. வாயிலிருந்து சூடு வந்தது. பூட்டியே கிடந்த அறையைத் திறந்தால் வருமே, அப்படி. அவள் விரல் உதடு வரைக்கும் போனது. திரும்பி வந்தது. பேனாவை எடுத்தது. சின்னதாக, வட்டமாக, ‘ரேணுகா’.

பி.எஸ்ஸி. விலங்கியல் படித்தவள். கரப்பான்பூச்சியின் வாயுறுப்புகளைச் செய்முறைத் தேர்வில் அவளைப்போல யாரும் பிரித்ததில்லை. மேலுதடு, இரண்டு தாடை, அதற்குக் கீழே இருக்கிற துணைத்தாடைகள், கீழுதடு, நாக்கு என்று ஊசி முனையில் ஒவ்வொன்றாக எடுத்துக் கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு கிளிசரின் விட்டு வரிசையாக வைத்தாள். பக்கத்து மேசைப் பெண் ஓங்கரித்துக்கொண்டு வெளியே ஓடினாள். ரேணுகாவுக்கு ஒன்றுமே தோன்றவில்லை. அந்த வாய் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை என்பதாலா? அந்த வாய் அவள் கழுத்தில் வந்து உரசி, கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் பட்டப்பகலில், வா அம்மிணி, உலகமே ஃபோகஸ் ஆயிருச்சு, வா என்று உளறியதில்லை என்பதாலா? தேர்வுக்கு வந்திருந்த வெளிக்கல்லூரிப் பேராசிரியர் தகட்டைப் பார்த்துவிட்டு, யாரும்மா இது என்று கேட்டார். ரேணுகா ‘நான்தான்’ என்றாள். அவருக்குக் கேட்கவில்லை. அவளுடைய குரல் எப்போதும் அப்படித்தான். வகுப்பில் வருகைப் பதிவு எடுக்கும்போது அவள் சொல்லும் ‘எஸ் மேடம்’ இரண்டு பெஞ்சு தாண்டாது. வகுப்பில் உட்கார்ந்திருந்தபடியே ஒரு பருவத்தில் பதினாறு நாள் வரவில்லை என்று எழுதப்பட்டாள். எழுந்து நின்று, மேடம், நான் இருக்கேன் என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். சொல்லவில்லை. அபராதம் கட்டிவிட்டுப் பரீட்சை எழுதினாள். இப்போதும் டாக்டரிடம் சொல்ல வேண்டியது அவ்வளவுதான். நான் பாக்கலீங்க. இரண்டு சொல். இரண்டு சொல்லையும் மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள். மனதுக்குள்ளேகூடச் சன்னமாகத்தான் வந்தது.

‘ஏம்புள்ள, மூஞ்சிய எதுக்கு இப்புடி வெச்சிருக்கற? இட்லிச் சாம்பார்ல பல்லி கெடந்துச்சாக்கும்?’ என்று பக்கத்துக் கட்டில் மாராத்தாள் கேட்டாள். அந்தியூர்ப் பக்கம் மாடு கன்று வைத்திருப்பவள். அவள் புருஷன் பொங்கியண்ணன் நாலு மாதமாகப் பேச்சை நிறுத்திவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். மாராத்தாள் வாய் பார்ப்பதை ரேணுகா தினமும் பார்த்துக்கொண்டிருந்தாள், பார்க்காமல் இருக்க முடியவில்லை. இடது கையால் தாடையைப் பிடித்து அழுத்தி, வலது கைக் கட்டைவிரலைக் கடைவாயில் செருகி, சந்தையில் மாட்டுக்குப் பல் பிடித்துப் பார்ப்பதுபோல ஒரு சுழற்று. ‘ம், முழுங்கீட்டான். இந்த வாய்க்குப் பேசத்தான் தெரியலை, ஒளிக்க நல்லாத் தெரியும்.’ பிறகு அந்த விரலைச் சேலை முந்தானையில் துடைத்துவிட்டு, அதே கையால் முறுக்கை உடைத்து ரேணுகாவிடம் நீட்டுவாள். ரேணுகா வாங்கிக்கொள்வாள். வாங்கி, கைக்குட்டையில் பொதிந்து, குப்பைக் கூடையில் போடுவாள். ஐந்து முறுக்கு இப்படிப் போயிருக்கிறது. ‘அக்கா, உங்க வீட்டுக்காரருக்கு ஒண்ணுமில்லை’ என்றான் லோகநாதன், கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்தபடி. ‘பார்வை உள்பக்கமாத் திரும்பிருச்சு. லென்சைத் திருப்பி மாட்டுனாச் சரியாப்போயிரும். நான் வெளிய போனதும் மொத ஆர்டர் உங்களுது.’ ‘மொதல்ல நீங்க வெளிய போங்க சாமி’ என்றாள் மாராத்தாள். ‘போறதுங்களா? நாளைக்கே போறேன். இந்த டாக்டருக்குக் கிட்டப்பார்வை. என்னையத் தூரத்துல நிறுத்திப் பாத்தாத்தான் அவனுக்கு நான் யாருன்னு தெரியும்.’ சொல்லிக்கொண்டே தன் கண்ணாடியைக் கழற்றினான். நாக்கை நீட்டி இரண்டு லென்சையும் நக்கினான். லுங்கியில் துடைத்து மாட்டிக்கொண்டான்.

இப்படித்தான் ஆரம்பித்தது. கோபியில் அவன் கண்ணாடிக் கடை ஊருக்கே தெரியும். லென்ஸ்மேல் விரல் ரேகை பட்டால் அவனுக்குச் சோறு இறங்காது. ஒருவர் முகத்தில் ஃபிரேம் வைத்துப் பார்ப்பதற்கு முன்னால் ஒரு தடவை, எடுத்த பிறகு ஒரு தடவை, நாளுக்கு நாற்பது தடவை கை கழுவுவான். கல்யாணமான மூன்றாம் நாள் ரேணுகா அவனுக்குக் காபி கொண்டுபோய்க் கொடுத்தபோது டம்ளரை வாங்காமல் அவள் விரலைப் பார்த்து, ‘கை கழுவினியா?’ என்று கேட்டான். அவளுக்குக் காது வரைக்கும் சூடேறியது. தோசை சுட்டால், கை கழுவினியா. அவன் சட்டைப் பொத்தானைத் தொட்டால், கை கழுவினியா. நாலு வருஷம். தான் ஏதோ சாக்கடையிலிருந்து எழுந்து வந்தவள் மாதிரி ஒவ்வொரு தடவையும் தன் கையைத் தானே பார்த்துக்கொண்டதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. அந்தக் கேள்வி ஒழிய வேண்டும் என்று கோயிலில் கண்ணை மூடி நின்று நினைத்திருக்கிறாள். ஒழிந்தது. இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு புதன்கிழமை பள்ளிக்கூட டீச்சர் ஒருத்தியின் கண்ணாடியை வாங்கி, லென்சை நாக்கால் நக்கி, இதுதான் சுத்தமான தண்ணி, உள்ளுக்குள்ள இருந்து வர்ற தண்ணி என்று சொல்லி அந்தம்மாள் மூக்கிலேயே மாட்டிவிட்டான். அந்தம்மாள் கல்லாப்பெட்டி மேலேயே வாந்தி எடுத்தாள். அதைத் துடைத்தது ரேணுகா. துடைக்கும்போது அவன் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டே இருந்தான், சிரிப்போடு எச்சில் தெறித்து அவள் வகிட்டில் விழுந்தது. கல்யாண வீட்டுப் பந்தியில் அடுத்தவர் இலையிலிருந்து எடுத்துத் தின்றான். குளிக்கவில்லை. பல் துலக்கவில்லை. எனக்கு நேரம் இல்லை அம்மிணி, ஜனங்க கண்ணு தெரியாமக் காத்துக்கிட்டு இருக்கறாங்க. இது சீக்கு, அவன் செய்வதில்லை, சீக்குதான் செய்கிறது என்று டாக்டர் விளக்கமாகச் சொன்னார். அவளுக்குப் புரிந்தது. படித்தவள். மூளைக்குப் புரிந்தது தோலுக்குப் புரியவில்லை. தோல் தனியாக நின்று சுருங்கியது.

‘ரேணுக்கா’ என்று பியூலா சிஸ்டர் கட்டிலோரம் வந்து நின்றாள். கையில் ஒரு சீட்டு. ‘லெவல் வந்துருச்சு. ரத்தத்துல மருந்தே இல்லாத மாதிரி காட்டுது. போன வாரம் இருந்ததைவிடக் கம்மி. எப்படிக்கா? டாக்டர் கண்டிப்பா டோஸ் ஏத்துவார். அதுலயும் கேக்கலைன்னா தலைக்குக் கரண்ட் வைக்கறதைப் பத்தி யோசிக்கணும்னு சொல்லிட்டு இருந்தார்.’ ரேணுகா, ‘ஏத்துனா?’ என்றாள். சிஸ்டருக்கு ஒரு முறையில் கேட்கவில்லை. ‘ஏத்துனா என்னாகுங்க சிஸ்டர்?’ ‘ஒண்ணும் ஆகாதுக்கா, பாத்துத்தான ஏத்துவாங்க. ஜாஸ்தியானாத்தான் வம்பு. கை நடுங்கும், நடை தள்ளாடும், கிட்னி வரைக்கும் போயிரும். அதுக்குத்தான் இந்த ரத்த டெஸ்ட்டே. காலை டோஸை நிறுத்தி வெச்சிருக்கேன், டாக்டர் பாத்துட்டுச் சொல்லட்டும்.’ போகத் திரும்பியவள் நோட்டை எடுத்து மாராத்தாளிடம் காட்டினாள். ‘பாருங்க பாட்டிம்மா, இப்படி எழுதணும். ஒரு வேளை விட்டாங்களா பாருங்க. முத்து முத்தா கையெழுத்து.’ ‘யாரு பாட்டிம்மா?’ என்றாள் மாராத்தாள். ‘உனக்கு வேணும்னா நீ பாட்டியாகு. எனக்குக் கைநாட்டுத்தான். வேணும்னா அவன் வாய்க்குள்ள விட்ட கட்டைவெரலையே அப்புடியே அமுக்கறேன், வாங்கிக்க.’ வார்டே சிரித்தது. ரேணுகாவும் சிரித்தாள். வாயை மட்டும் விரித்துச் சிரிப்பது எவ்வளவு சுலபம், உள்ளே என்ன வைத்திருந்தாலும் விரிகிறது.

இப்போதைக்குக் கழிவறை. பையை எடுத்துக்கொண்டு போய்த் தாழ்ப்பாள் போட்டாள். தாழ்ப்பாள் வழவழவென்று இருந்தது. தரையெல்லாம் தண்ணீர், தண்ணீரில் யாருடையதோ ஒரு பிளாஸ்திரி மிதந்தது, பக்கெட் விளிம்பில் சோப்பு, சோப்பில் வளைந்து கிடக்கிற முடி. செருப்பின் பிளவு வழியாக ஈரம் பெருவிரலுக்கு ஏறியது. பெட்டியைத் திறந்து, துணியோடு கவிழ்த்து, ஒரு பக்கெட் தண்ணீர் ஊற்றினால் முடிந்தது. இன்றைக்குச் சாயங்காலத்திலிருந்து ஒழுங்காக விரலை விட்டுப் பார்த்துக்கொள்ளலாம். யாருக்கும் தெரியாது. மாமியார் தினமும் போன் செய்து, நீ மட்டும் இல்லீன்னா எம்பையன் என்னாயிருப்பான், நீ நல்லா இருப்ப கண்ணு என்று அழுகிறாளே, அவள் அழுகை அப்படியே இருக்கட்டும். நோட்டு அப்படியே இருக்கட்டும். ஆனால் டோஸ் ஏறும். ஏறின டோஸை அவள் விரல் விட்டுப் பார்த்து முழுதாக முழுங்க வைப்பாள். உள்ளே மருந்து போய்க்கொண்டிருக்கிறது, அது போதவில்லை என்று நினைத்துக்கொண்டு ஏற்றுகிறார்கள். உள்ளே ஒன்றும் இல்லை. அப்புறம் கை நடுங்கும். அந்தக் கை. ஃபிரேமின் மூக்குப்பாலத்துத் திருகாணியை, எறும்புத் தலை அளவு திருகாணியை, மூச்சை நிறுத்திக்கொண்டு ஒரே சுற்றில் இறுக்குமே அந்தக் கை. வேண்டாமென்றால் முன்போலவே கண்டுகொள்ளாமல் இருந்துவிடலாம், அவன் ஒளிக்கட்டும், கரண்ட் வைக்கட்டும், வைத்தால் என்ன, வைத்துச் சரியாகாமல் போனால் என்ன, போய்ச்சேர்ந்தால்தான், என்று ஓடிய நினைப்பு அங்கே தட்டி நின்றது. அந்தச் சொல்லை அவள் முடிக்கவில்லை. முடிக்காமல் விட்டதாலேயே அது தொண்டையில் நின்றது, முழுங்காத மாத்திரைபோல. பக்கெட்டை எடுத்தாள். வைத்தாள். தெரியாது என்று சொல்லலாம். பார்த்தேன், ஆனால் அவர் ஏமாற்றிவிட்டார் என்று சொல்லலாம். அதுவும் பொய்தானே. வெள்ளிக்கிழமை காலை அவன் வாயைத் திறந்தபோது இடது கன்னத்தில், கீழ்க்கடைவாய்க்கு நேராக, வெளியிலிருந்து பார்த்தாலே தெரிகிற மாதிரி ஒரு சின்னப் புடைப்பு. கரப்பானின் தாடை நுனியில் இருக்கிற பல்லை எண்ணியவள். அவளுக்குத் தெரியாமல் போகுமா? தெரிந்தது. ஈறு வீக்கமாக இருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு பேனாவை எடுத்தாள். இதோடு சேர்த்துக் கொடுக்கிற, நாக்கில் வைத்ததும் கரைகிற இன்னொரு மாத்திரை கரைந்துவிட்டது, அதனால்தான் கொஞ்சமாவது தூங்குகிறான், கொஞ்சமாவது உட்காருகிறான், போதும் என்றுகூட நினைத்தாள். அவன் வாய் நாறுகிறது. சரி. இந்தக் கையெழுத்து? சுவர்க் கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது, பாதரசம் உரிந்து மூக்குக்குக் கீழே கறுத்துப்போய். யாரோ கதவைத் தட்டினார்கள். ‘உள்ள யாருங்க? சீக்கிரமுங்க.’ பெட்டியைத் துப்பட்டாவில் சுற்றாமல் அப்படியே கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

டாக்டர் அன்று பத்து நிமிஷம் முன்னாலேயே வந்துவிட்டார். முதல் கட்டில், இரண்டாவது, மாராத்தாள். ரேணுகாவுக்கு உள்ளங்கை வேர்த்து, பெட்டியின் தோல் வழுக்கியது, வேர்வையா அவன் எச்சிலா என்று தெரியவில்லை, இரண்டும் ஒன்றாகக் கலந்துவிட்டது என்று நினைத்ததும் கையை மாற்றிப் பிடித்தாள். ‘என்ன லோகநாதன், எப்படி இருக்கீங்க?’ ‘நான் நல்லா இருக்கேன் டாக்டர், உங்க கண்ணாடிதான் கோணலா இருக்குது. வலது காது பக்கம் ரெண்டு மில்லி தூக்கியிருக்குது. குடுங்க, சரி பண்ணித் தர்றேன்.’ டாக்டர் சிரித்தபடி கண்ணாடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். ஒருவேளை கோணலாகத்தான் இருந்ததோ என்னவோ. ‘டோஸ் ஒழுங்காப் போகுதில்ல சிஸ்டர்?’ ‘போகுது டாக்டர். இவங்கதான் வாய் பாக்கறாங்க. ஒரு வேளை விட்டதில்லை.’ நோட்டு நீண்டது. டாக்டர் பக்கத்தைப் பார்த்தார். ‘அப்புறம் ஏன் ஏறலை? சரி, ஏத்திப் பாப்போம். ரெண்டு நாள் கழிச்சு...’ பேனா மூடியைக் கழற்றினார். ரேணுகா, ‘டாக்டர்’ என்றாள். சத்தம் வரவில்லை. உதடு அசைந்ததை மாராத்தாள் மட்டும் பார்த்தாள். பேனா முனை காகிதத்தில் இறங்கிவிட்டது. நான் இருக்கேன் மேடம். பதினாறு நாள். ரேணுகா பெட்டியைத் திறந்து, அவர் எழுதிக்கொண்டிருந்த பக்கத்தின் மேலேயே வைத்தாள்.

‘என்னம்மா இது?’

‘அவரு வாய்ல இருந்ததுங்க. ஒம்பது இருக்குதுங்க.’

டாக்டர் பேனா முனையால் துணியை விலக்கினார். அந்த வாசனை எழுந்தது. பியூலா சிஸ்டர் ஒரு அடி பின்னால் போனாள். ‘நீங்க விரல் விட்டுப் பாத்தீங்கல்ல?’ இங்கேதான் ஒரு வழி இருந்தது, ஆமாங்க, பாத்தேன், எப்படி ஒளிச்சாருன்னே தெரியலீங்க. டாக்டரே அந்த வழியைத் திறந்துவைத்துக்கொண்டு நிற்பதுபோல இருந்தது. ‘பாக்கலீங்க. கையெழுத்து மட்டும் போட்டேனுங்க.’ ‘ஏன்?’ ‘அருவருப்பா இருந்துச்சுங்க.’ சொன்ன பிறகுதான் அது எவ்வளவு சத்தமாக வந்தது என்று தெரிந்தது. ஆறு கட்டிலும் கேட்டது. வாசலில் இட்லித் தட்டு எடுத்துக்கொண்டு போன பெண் நின்று திரும்பிப் பார்த்தாள். ‘வெள்ளிக்கிழமை கன்னத்துல இருக்கறது தெரிஞ்சதுங்க. தெரிஞ்சும் போட்டேன்.’ லோகநாதன் கைதட்டிச் சிரித்தான். ‘மாட்டிக்கிட்டியா அம்மிணி! ரெண்டு பேரும் சேர்ந்து காப்பியடிச்சோம், ரெண்டு பேரும் மாட்டிக்கிட்டோம். சார், எங்களை ஒரே ரூம்ல போடுங்க.’ யாரும் சிரிக்கவில்லை. டாக்டர் எழுதியதைக் குறுக்கே அடித்தார், ஒருமுறை, இன்னொரு முறை. ‘நல்லவேளை’ என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். ‘பழைய டோஸே குடுங்க சிஸ்டர். அஞ்சு நாள் ஒழுங்காப் போகட்டும், அப்புறம் ரத்தம் பாப்போம். வாயை நீங்களே பாருங்க.’ அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும், எதிலாவது முட்டி நின்றிருக்கலாம். பியூலா சிஸ்டர் நோட்டை மூடி அக்குளில் வைத்துக்கொண்டாள். ரேணுக்கா என்று கூப்பிடவில்லை. மாராத்தாள் முறுக்குப் பொட்டலத்தை மடித்துத் தலைமாட்டில் வைத்தாள். குப்பைக் கூடையில் போன ஐந்து முறுக்கும் அவளுக்கு இப்போது தெரிந்துவிட்டதோ?

வெள்ளை மாத்திரை லோகநாதனின் நாக்கில் வைக்கப்பட்டது. தண்ணீர் குடித்தான். தொண்டை மேலும் கீழும் ஏறி இறங்கியது, பிரமாதமாக. சிஸ்டர் கையுறை மாட்டிக்கொண்டு, ‘தொறங்க சார்’ என்றாள். அவன் உதட்டை இறுக்கிக்கொண்டான். ‘தொறங்க.’ தலையை ஆட்டினான். ஆட்காட்டி விரலால் ரேணுகாவைக் காட்டினான். சிஸ்டர் ஒரு பெருமூச்சு விட்டு, அவள் முகத்தைப் பார்க்காமலே ஒரு புதிய கையுறையை நீட்டினாள். ரேணுகா வாங்கி விரலை நுழைத்தாள். அது பெரிய அளவு. மாவு பூசிய ரப்பர், நுனியில் வெறும் தோலாகத் துவண்டு தொங்கியது, அது இன்னும் மோசம். உருவிப் போட்டுவிட்டு வெறும் விரலோடு அவனருகே போனாள். சூடு வந்தது. அதே பூட்டிய அறை. விரல் உதட்டைத் தொடப் போன கணத்தில் லோகநாதன் முகத்தைச் சட்டென்று பின்னுக்கு இழுத்தான். மூக்கு சுருங்கியது. கண்ணாடிக்கு மேலாக, புருவத்தை நெரித்து, அவளுடைய விரல் நுனியைப் பார்த்தான்.

‘கை கழுவினியா?’

சொல் கொஞ்சம் குழறியது. இடது பக்கம் எதுவோ இருப்பதுபோல.

அவள் விரலைப் பார்த்தாள். கழிவறைத் தாழ்ப்பாள். பக்கெட். பெட்டி. காது வரைக்கும் சூடேறியது, நாலு வருஷத்துப் பழைய சூடு. அவன் முகத்தில் இருப்பது என்னவென்று அவளுக்கு நன்றாகத் தெரிந்தது, அவளைவிட யாருக்குத் தெரியும். ‘இல்லை’ என்றாள். வார்டின் மூலையில் இருந்த குழாயடிக்குப் போனாள். அங்கிருந்த சோப்பிலும் ஒட்டியிருந்த முடியை நகத்தால் சுரண்டி எடுத்தாள், நகத்துக்குள், விரலிடுக்கில், மணிக்கட்டு வரை தேய்த்தாள். திரும்பிப் பார்த்தால் அவன் வாயை மூடிக்கொண்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தான். ஈரக் கையோடு வந்தாள். அவன் அந்தக் கையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு வாயைத் திறந்தான். உள்ளே போனது விரல். நினைத்ததைவிடச் சூடாக, நினைத்ததைவிட வழவழப்பாக, பல்லின் மேல் கரகரப்பாக, மூச்சு விரலைச் சுற்றி இழைந்தது. இடது கடைவாய்க்குப் பின்னால் அது இருந்தது. அவள் வெள்ளிக்கிழமை பார்த்த அதே இடம். நகத்தால் கிளப்பி நாக்கின் நடுவுக்குத் தள்ளினாள். ‘தண்ணி குடுங்க சிஸ்டர்’ என்றாள். அவன் குடித்தான். இந்த முறை தொண்டை வேறு மாதிரி இறங்கியது. மறுபடியும் விரலை விட்டாள். இடது பக்கம் காலி. நாக்குக்கு அடியில் காலி. குமட்டிக்கொண்டு வந்தது, கண்ணில் நீர் கோத்தது, அவன் எச்சில் விரல் வழியாக மணிக்கட்டுக்கு வழிந்தது. விரலை வெளியே எடுக்காமல் வலது கன்னத்துக்குப் போனாள்.